சேர்ந்தால் போதாது, சான்றிதழோடு வெளியே வர வேண்டும்: மட்டக்களப்பு, அம்பாறையில் தொழிற்பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் தம்பிக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்பதில்லை. தரம் 10 உடன் பாடசாலையை விட்டு நின்ற அவன், ஒரு வருடத்தில் முடிந்திருக்க வேண்டிய அலுமினியப் பொருத்து வேலைப் பாடநெறியில் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழை எடுக்க, முதல் விண்ணப்பத்திலிருந்து எண்ணினால் இரண்டு வருடமும் ஐந்து மாதமும் சென்றன. அந்தக் காலதாமதத்தில் அவனுடைய காதுக்குரிய பங்கு மிகச் சிறியது. மீதியெல்லாம் கையில் இல்லாத கடதாசிக்கும், கேட்காமல் விட்ட கேள்விக்கும், வாயால் சொல்லிவிட்டு எழுத்தில் கொடுக்காத கோரிக்கைக்கும் உரியவை.

அவனோடு ஒரே நாளில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சான்றிதழ் இல்லாமலே நின்றுவிட்டார்கள். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து, ‘பாதை’ என்று நாம் சொல்லும் மிதவைப் படகில் ஏறி வந்த ஒரு பையன், கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்த ஒரு பெண், எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறிய இன்னொருவர் என்று அவர்களை எனக்கு முகம் தெரியும். வேலையில் அவர்கள் எவருக்கும் சளைத்தவர்கள் அல்லர். சேர்க்கும்போது எல்லோரையும் ஒன்றுபோலச் சேர்த்துக்கொண்டார்கள். முடிக்கும்போது மட்டும் ஒரே மாதிரியானவர்களே எஞ்சினார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை அந்த எஞ்சியவர்களுக்குள் இருக்க வேண்டுமென்றால் எந்த நேரத்தில் எதைச் செய்ய வேண்டும் என்பதை, நாங்கள் அடிபட்டுத் தெரிந்துகொண்ட ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

1. கட்டடத்தைப் பார்க்க முன்னர் பாடநெறியின் அங்கீகாரத்தைப் பாருங்கள்

இரண்டு மாவட்டங்களிலும் அரச பயிற்சி பல வாசல்களால் கிடைக்கிறது. தொழில்நுட்பக் கல்வி மற்றும் பயிற்சித் திணைக்களத்தின் கீழ் மட்டக்களப்பில் மஞ்சந்தொடுவாயிலும், அம்பாறை மாவட்டத்தில் அம்பாறை நகர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய இடங்களிலும் கல்லூரிகள் இருக்கின்றன. இவற்றைத் தவிர வி.ரி.ஏ. என்று நாம் அழைக்கும் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள், நைற்றா என்ற தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் பயிலுனர் திட்டங்கள், தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் பாடநெறிகள் ஆகியனவும் உள்ளன. தனியார் நிலையங்களும் தொண்டு நிறுவனங்களின் நிலையங்களும் வேறு.

இங்கேதான் முதலாவது பொறி இருக்கிறது. ஒரு நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டிருப்பது ஒன்று. அந்த நிலையத்தில் நடக்கும் குறித்த பாடநெறி தேசிய தொழிற் தகைமைக்கென (சுருக்கமாக என்.வி.கியூ.) அங்கீகரிக்கப்பட்டிருப்பது வேறொன்று. பதிவு இலக்கத்தைப் பெரிய எழுத்தில் பெயர்ப்பலகையில் போட்டிருப்பார்கள். நீங்கள் சேரப்போகும் பாடநெறிக்கு அங்கீகாரம் இருக்கிறதா, இருந்தால் அது எந்தத் திகதியோடு முடிகிறது என்பதைப் பெயர்ப்பலகை சொல்லாது. அங்கீகாரம் பாடநெறி பாடநெறியாகவே வழங்கப்படுகிறது, அதற்கொரு கால எல்லையும் உண்டு. ஆகவே நிலையத்தில் கேளுங்கள், ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் பாருங்கள், ‘இது என்.வி.கியூ. எந்த மட்டம், இறுதியில் சான்றிதழை யார் தருவார்கள்’ என்ற இரண்டு கேள்விகளுக்கும் தெளிவான பதில் கிடைக்கும்வரை ஒரு சதமும் கட்டாதீர்கள். நிலையமே அச்சடித்துத் தரும் வண்ணச் சான்றிதழும் ஆணைக்குழுவின் சான்றிதழும் ஒன்றல்ல.

மட்டங்கள் மொத்தம் ஏழு. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமமானது. ஓ.எல். இல்லாத பிள்ளைக்கும் ஏறிப்போக வழியிருக்கிறது என்பதுதான் இந்த ஒழுங்கின் நல்ல அம்சம். பெரும்பாலான வீடுகளில் இது தெரியாமல், ‘ஓ.எல். பாஸ் இல்லையே’ என்று பிள்ளையைக் கடைக்கு வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

2. எந்த மொழியில் நடக்கிறது என்பதைச் சேர முன்னர் கேளுங்கள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் இது பெரிய சிக்கல் அல்ல. அம்பாறை மாவட்டத்தில் நிலைமை வேறு. திருக்கோவிலிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ ஒரு பிள்ளை விரும்பிய பாடநெறி அம்பாறை நகரில் மட்டுமே நடந்தால், வகுப்பு சிங்களத்தில் இருக்கக்கூடும். ‘போகப்போகப் பிடிபட்டுவிடும்’ என்று சேருகிறவர்கள் செய்முறையைப் பார்த்துப் பழகிவிடுகிறார்கள். எழுத்துப் பரீட்சையில் நின்றுவிடுகிறார்கள். விரும்பும் தேசிய மொழியில் கல்வி கற்கும் உரிமை அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரையில் இருக்கிறது. ஆயினும் தமிழ் தெரிந்த போதனாசிரியர் இல்லாத வகுப்பில் அந்த உரிமையைச் சொல்லிக்கொண்டிருப்பதால் பிள்ளைக்குப் பாடம் விளங்காது. எனவே மூன்று விடயங்களை நேரடியாகக் கேளுங்கள்: வகுப்பு எந்த மொழியில், கையேடு எந்த மொழியில், இறுதி மதிப்பீட்டு வினாத்தாள் எந்த மொழியில்? மூன்றாவதற்கு ‘தமிழில் தரலாம்’ என்று பதில் கிடைத்தால் அதை விண்ணப்பத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள். அதே பாடநெறி சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ தமிழில் நடக்கிறதா என்பதையும் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். ஆறு மாதம் பிந்தினாலும் பரவாயில்லை.

3. ஆவணங்கள்: மூன்று மாதத்துக்கு முன்னரே தொடங்குங்கள்

விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வந்த பிறகு ஓடத் தொடங்கினால் இரண்டு வாரத்தில் எதுவும் சேராது. பொதுவாகக் கேட்கப்படுபவை பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், இருந்தால் ஓ.எல். பெறுபேறு, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ், கடவுச்சீட்டு அளவுப் படம் ஆகியவை. அரச நிலையங்கள் சிலவற்றில் மருத்துவச் சான்றிதழும் கேட்பார்கள்.

பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை விரைவாக முடியும். தெரியாவிட்டால் தேடுவதற்கு வேறு கட்டணமும் வேறு நாளும் செல்லும். யுத்தத்திலும் 2004 ஆழிப்பேரலையிலும் கடதாசிகளை இழந்த குடும்பங்கள் இன்னும் பழைய போட்டோக் கொப்பியை வைத்தே காலந்தள்ளுகின்றன. அந்தக் கொப்பியை எந்த நிலையமும் ஏற்காது. பிறப்பே பதியப்படாதிருந்தால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது எடுக்கும் காலத்தை யாராலும் சொல்ல முடியாது, ஆகையால் அதை முதலாவது வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களை அதிகமாக அலைக்கழித்தது பெயர். தம்பியின் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முழுதாகவும், விடுகைப் பத்திரத்தில் முதல் எழுத்தாகவும், அடையாள அட்டையில் ஓர் ஆங்கில எழுத்து கூடியும் இருந்தன. விண்ணப்பத்தை ஏற்றவர் இதைக் கவனிக்கவில்லை. ஒன்றரை வருடத்துக்குப் பின்னர், சான்றிதழ் அச்சிடப்படும் வேளையில்தான் கேள்வி வந்தது. சமாதான நீதவான் முன்னிலையில் ‘இரு பெயராலும் குறிக்கப்படுபவர் ஒருவரே’ என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தோம். அதற்கிடையில் ஏழு வாரம் போயிற்று. எல்லா ஆவணங்களையும் ஒரு மேசையில் பரப்பி, பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் விரலால் தொட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழில் சரியாக இருந்தாலும் ஆங்கில எழுத்துக்கூட்டல் தவறியிருக்கும். பிழையிருந்தால் அடையாள அட்டையைத் திருத்துவதே சிறந்தது, சத்தியக் கடதாசி தற்காலிக ஒட்டு மட்டுமே.

விடுகைப் பத்திரம் பற்றி ஒரு சொல். இடையில் நின்ற பிள்ளைக்கு அதிபர் முகம் சுளிப்பார் என்று பயந்து பலர் அதைக் கேட்கவே போவதில்லை. எந்தத் தரத்தில் நின்றாலும் அந்தப் பத்திரம் பிள்ளைக்கு உரியது. பெற்றோரில் ஒருவரை அழைத்துக்கொண்டு, வாரத் தொடக்கத்தில், முதலாம் பாடவேளைக்கு முன்னர் போனால் அன்றே கிடைத்துவிடும்.

உடலியலாமை உள்ளவர்கள் கூடுதலாக இரண்டைத் தயார் செய்ய வேண்டும். ஒன்று, விசேட வைத்தியரின் அறிக்கை. தம்பிக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்கில் கேள்திறன் பரிசோதனை செய்து எடுத்தோம். கல்முனைப் பக்கத்தவர்கள் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் முதலில் விசாரித்துப் பார்க்கலாம். கிளினிக் திகதி கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை வீதக் குறைபாடு என்று மட்டும் வைத்தியர் எழுதினால் போதனாசிரியருக்கு அது உதவாது. ‘முகத்தைப் பார்த்துப் பேசினால் விளங்கிக்கொள்வார், இரைச்சலில் விளங்கிக்கொள்ள மாட்டார்’ என்பது போன்ற ஒரு வசனத்தையும் சேர்த்து எழுதித் தருமாறு பணிவாகக் கேளுங்கள். எங்கள் கோப்பில் ஆகக் கூடுதலாகப் பயன்பட்டது அந்த ஒரு வசனம். இரண்டாவது, பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் பதிவு. கேட்கும் கருவி, சக்கர நாற்காலி போன்ற உபகரணங்களுக்கான விண்ணப்பமும் அவர் வழியாகத்தான் போக வேண்டும், அதுவும் உடனே கிடைப்பதல்ல.

4. தேவையை எழுத்தில் கொடுங்கள்

இதைத்தான் நாங்கள் செய்யவில்லை. நேர்முகப் பரீட்சையில், அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று நான் சொன்னேன். ‘பிரச்சினை இல்லை, நாங்கள் பார்த்துக்கொள்வோம்’ என்றார்கள். மனதாரத்தான் சொன்னார்கள். சொன்னவர் மூன்று மாதத்தில் இடமாற்றம் பெற்றுப் போனார், வந்தவருக்கு ஒன்றும் தெரியாது.

புதிய போதனாசிரியர் அளவெடுத்துக் காட்டும்போது வெட்டும் இயந்திரத்தின் பக்கம் திரும்பி நின்று, முதுகை வகுப்புக்குக் காட்டியபடியே பேசுவார். இயந்திரம் ஓடும் இரைச்சலில் மற்றப் பிள்ளைகளுக்கே பாதிதான் கேட்கும். உதட்டைப் பார்த்தே விளங்கிக்கொள்ளும் தம்பிக்கு அந்த முதுகு ஒரு சுவர். வாளின் தடிப்புக்கு விட வேண்டிய இடைவெளியை அவர் சொன்னது அவனுக்குத் தெரியவில்லை. ஒரு கிழமை முழுவதும் அவன் வெட்டிய சட்டங்கள் எல்லாம் மூன்று மில்லிமீற்றர் குறைந்தே வந்தன, ‘கவனமில்லாத பிள்ளை’ என்ற பெயரும் வந்தது. பக்கத்தில் நின்ற பையன் ஒரு சட்டத்துண்டில் ஆணியால் கோடு கீறிக் காட்டிய பிறகு பிழை நின்றுவிட்டது.

ஆகவே சேர்ந்த முதல் வாரத்திலேயே, நிலையப் பொறுப்பதிகாரிக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். நீளமாக எழுத வேண்டாம். நாங்கள் பின்னர் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது: ‘எனக்கு இரு காதுகளிலும் கேள்திறன் குறைவு உள்ளது. போதனாசிரியரின் முகம் தெரியும்படி முன்வரிசையில் இடமும், இயந்திரம் ஓடும் வேளையில் வாய்மொழிக்குப் பதிலாக எழுத்தில் அல்லது செய்து காட்டி அறிவுறுத்தலும், மதிப்பீட்டின்போது வாய்மொழி வினாக்களை எழுத்திலும் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். வைத்திய அறிக்கையின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது.’ இரண்டு பிரதிகள் எடுத்துச் சென்று, ஒன்றில் திகதி முத்திரையோடு கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கையொப்பமிடத் தயங்கினால் முகம் கோணாமல் வந்துவிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

ஒவ்வொருவருடைய தேவையும் வேறு. பார்வை குறைந்தவர் பெரிய எழுத்தில் வினாத்தாள் கேட்கலாம். சக்கர நாற்காலியில் வருகிறவர் வேலைத்தளம் எந்த மாடியில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு வரக்கூடாது, மலசலகூடத்தின் கதவு அகலத்தையும் போய் அளந்து பார்க்க வேண்டும். வாசிக்கத் தடுமாறுகிறவர் வினாவை ஒருவர் வாசித்துக் காட்டும்படி கேட்கலாம். அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. வலிப்பு உள்ளவர்கள் அதை மறைத்துச் சுழலும் இயந்திரத்தருகே நிற்பது ஆபத்து, கட்டாயம் சொல்லிவிடுங்கள். முஸ்லிம் பெண் பிள்ளைகள் இயந்திர வேலைத்தளத்தில் தலைமறைப்பைத் தொங்கவிடாமல் இறுக்கிக் கட்டும் முறையைப் போதனாசிரியரோடு முதல் நாளே பேசி முடிவு செய்துகொண்டால், பின்னர் ‘பாதுகாப்பு’ என்ற பெயரில் வாக்குவாதம் வராது.

ஒன்றை மட்டும் கேட்காதீர்கள்: தரத்தைக் குறைக்கும்படி. ‘பாவம், அவனுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கிய சான்றிதழை வேலை கொடுப்பவர் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார். எல்லோருக்கும் உள்ள அதே அளவுகோலைத் தொட, அவனுக்கு வேண்டிய வழியைத் திறந்துவிடச் சொல்லுங்கள். இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க, இயலாமையுள்ள ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, இயலாமையைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவன அனுமதியில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது.

5. செலவு எங்கே ஒளிந்திருக்கிறது

அரச நிலையங்களின் முழுநேரப் பாடநெறிகளில் பல இலவசமாகவோ சிறு தொகைக்கோ கிடைக்கும். அதைக் கேட்டுவிட்டுச் செலவே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். பிள்ளைகள் இடையில் நிற்பதற்குக் காரணமாகும் செலவுகள் விளம்பரத்தில் எழுதப்படாதவை: பாதுகாப்புச் சப்பாத்து, மேலங்கி, கைக்கருவிகள், பயிற்சிக் கோப்புக்கான படப்பிரதிகள், மத்தியானச் சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பஸ் காசு. எங்கள் கணக்கில் முழுச் செலவில் பாதிக்கு மேல் பயணத்துக்கே போனது. இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸில் மாணவர் பருவச்சீட்டு எடுக்கலாம். நிலையத்தின் கடிதம் தேவைப்படும், தனியார் பஸ்ஸில் அது செல்லாது. ஆகவே உங்கள் வழியில் காலை எட்டு மணிக்கு முன்னர் இ.போ.ச. பஸ் ஓடுகிறதா என்பதைப் பார்த்துவிட்டுப் பருவச்சீட்டை நம்புங்கள். பயிலுநர்களுக்குக் கொடுப்பனவு உண்டா, உண்டென்றால் எந்த வங்கிக் கணக்குக்கு வரும், வகுப்பு வரவு எத்தனை வீதம் இருந்தால் வரும் என்பவற்றைச் சேரும் நாளிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது மாதக்கணக்கில் பிந்தி வரக்கூடும், அதை நம்பி நகையை அடகிலிருந்து மீட்க நாள் குறிக்காதீர்கள்.

6. வரவு

தம்பியின் நிலையத்தில் 80 வீத வரவு கட்டாயமாக இருந்தது. கேட்கும்போது சுலபமாகத் தோன்றும். கார்த்திகை, மார்கழி மாரியில் படுவான்கரை வீதிகள் வெள்ளத்தில் மூழ்கினால், குருமண்வெளிப் பாதை நின்றால், மண்டூர்ப் பக்கத்துப் பிள்ளையால் வர முடியாது. மாசி, பங்குனியில் வெள்ளாமை வெட்டுத் தொடங்கினால் வீட்டில் ஆளுக்கு ஆள் தேவைப்படும். வீட்டார் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: பயிற்சி நடக்கும் அந்த ஒரு போகத்துக்குப் பிள்ளையின் கையைக் கணக்கில் எடுக்கக்கூடாது. வெள்ள நாட்களுக்குக் கிராம உத்தியோகத்தரிடம், வீதி தடைப்பட்டிருந்தது என்று ஒரு சிறு கடிதம் வாங்கி அதே கிழமையில் கொடுத்துவிடுங்கள். மூன்று மாதத்துக்குப் பின்னர் கொண்டுபோனால் எவரும் பார்க்க மாட்டார்கள். குழந்தையுள்ள தாய்மாரும் கிளினிக் அட்டையின் பிரதியை இப்படியே உடனுக்குடன் கொடுக்கலாம்.

7. ஓ.ஜே.ரி. இடத்தை நீங்களே தேடத் தொடங்குங்கள்

வகுப்புப் பயிற்சிக்குப் பின்னர் ஓ.ஜே.ரி. எனப்படும் வேலைத்தளப் பயிற்சி வரும். நிலையம் இடம் பார்த்துத் தரும் என்று காத்திருந்த பிள்ளைகளில் இறுதியாக இடம் கிடைத்தவர்கள், உடலியலாமை உள்ளவர்களும் பெண் பிள்ளைகளுமே. வகுப்பு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே ஊரில் தெரிந்த பட்டறைகளைக் கேட்டு வையுங்கள். கேட்கப் போகும்போது பிள்ளையையும் அவன் செய்த ஒரு சாமானையும் கொண்டு போங்கள். தம்பி ஒரு சிறு யன்னல் சட்டத்தைக் கொண்டுபோய்க் கல்லடியில் ஒரு பட்டறைக்காரரின் மேசையில் வைத்தான். அவர் மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு, ‘நாளைக்கு வாங்க மனே’ என்றார். காதைப் பற்றி அவர் கேட்கவேயில்லை.

தினக்குறிப்பேட்டை அன்றன்றே எழுதி, கிழமைக்கொருமுறை மேற்பார்வையாளரின் கையொப்பத்தை எடுங்கள். கடைசிக் கிழமையில் ஆறு மாதத்தையும் ஒரே பேனாவால் எழுதினால் மதிப்பீட்டாளருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். எழுதத் தடுமாறுகிறவர்கள் கைத்தொலைபேசியில் வேலையைப் படம் பிடித்து, திகதியோடு வைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரின் உதவியோடு எழுதலாம்.

8. மதிப்பீட்டு நாள்

தேசிய தொழிற் தகைமையில் புள்ளி போட்டு வரிசைப்படுத்துவதில்லை. தேர்ச்சி நியமத்திலுள்ள (அந்தத் தொழிலில் செய்யத் தெரிந்திருக்க வேண்டியவற்றின் பட்டியல்) ஒவ்வோர் அலகிலும் ‘தேர்ச்சி பெற்றவர்’ அல்லது ‘இன்னும் தேர்ச்சி பெறாதவர்’ என்றே முடிவு எழுதப்படும். மதிப்பீட்டாளர் பொதுவாக வெளியிலிருந்து வருகிறவர். அவர் உங்கள் பிள்ளையை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்க்கிறார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

தம்பியின் செய்முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 45 பாகையில் வெட்டிச் சேர்த்த மூலைக்குள் ஒரு கடதாசி நுழைய இடமில்லை என்று போதனாசிரியரே சொன்னார். அதன் பிறகு பாதுகாப்புப் பற்றிய வாய்மொழி வினாக்கள். மதிப்பீட்டாளர் குனிந்து தாளைப் பார்த்தபடியே கேட்டார்; தம்பிக்கு அவருடைய தலைமுடிதான் தெரிந்தது. கேட்காத கேள்விக்குத் தலையாட்டிவிடுவது காது கேளாத பிள்ளைகள் பலரின் பழக்கம். திரும்பத் திரும்ப ‘என்ன, என்ன’ என்று கேட்டுத் திட்டு வாங்கியதால் வந்த பழக்கம் அது. போதனாசிரியர் பிறகு என்னிடம் சொன்னார்: ‘தங்கச்சி, எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு தலையாட்டினவன். வயர் அறுந்து கிடந்தால் கையால தூக்குவியா எண்டு கேட்டதுக்கும் ஓம் எண்டவன்.’ பாதுகாப்பு அலகில் ‘இன்னும் தேர்ச்சி பெறாதவர்’ என்று எழுதப்பட்டது. அந்த ஓர் அலகால் முழுச் சான்றிதழும் நின்றது.

மறுமதிப்பீட்டுக்கு நான்கு மாதம் காத்திருந்தோம், போதிய ஆட்கள் சேர்ந்தால்தான் மதிப்பீட்டாளரை அழைப்பார்கள் என்பதால். அந்த முறை எழுத்தில் கேட்டிருந்தோம், எழுத்தில் வினாக்கள் தரப்பட்டன, 20 நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டு வெளியே வந்தான். கேள்வி மாறவில்லை, கேட்ட விதம்தான் மாறியது.

இதிலிருந்து நீங்கள் செய்ய வேண்டியது: மதிப்பீட்டுத் திகதி தெரிந்த அன்றே, முதல் வாரத்தில் கொடுத்த கடிதத்தின் பிரதியோடு மீண்டும் ஒரு கடிதம் கொடுத்து, அதை மதிப்பீட்டாளருக்கு முன்கூட்டியே அனுப்புமாறு கேளுங்கள். மதிப்பீட்டாளர் தமிழ் தெரிந்தவரா என்பதையும் அப்போதே விசாரியுங்கள். காலையில் பிள்ளையின் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்திய அறிக்கை இருக்கட்டும். பிள்ளைக்கு ஒரு வசனத்தைப் பழக்கி அனுப்புங்கள்: ‘எனக்கு விளங்கவில்லை, எழுதித் தாருங்கள்.’ இந்த வசனத்தைச் சொல்ல என் தம்பி வீட்டில் நாலைந்து நாள் பழக வேண்டியிருந்தது.

ஓர் அலகில் தவறினால் எல்லாம் போயிற்று என்று நிலையத்தை விட்டு நின்றுவிடாதீர்கள். தேர்ச்சி பெற்ற அலகுகளுக்கு அடைவுப் பதிவு கேட்டுப் பெறலாம். மறுமதிப்பீடு தவறிய அலகுக்கு மட்டும்தான். முதல் முறை தவறிய பலர் இதைத் தெரியாமல் மத்திய கிழக்குக்கு விமானம் ஏறிவிட்டார்கள்.

9. வேலை தெரியும், கடதாசி இல்லை என்பவர்களுக்கு

எங்கள் பக்கத்து வீட்டு மாமி தரம் 8 உடன் நின்றவர்; பாடசாலைச் சீருடை தைத்தே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். வகுப்பில் போய் உட்கார அவருக்கு நேரமுமில்லை, தேவையுமில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை இருக்கிறது. நைற்றாவின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பித்து, செய்த வேலைக்கான சான்றுகளைக் கோப்பாக்கிக் கொடுத்து, மதிப்பீட்டில் செய்து காட்டினால் அதே சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழில் வகுப்பில் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இல்லை. கட்டணம் தொழிலையும் மட்டத்தையும் பொறுத்தது, பற்றுச்சீட்டு இல்லாமல் எவரிடமும் கொடுக்க வேண்டாம்.

கோப்புத்தான் இங்கே கஷ்டம். சுயதொழில் செய்கிறவரிடம் சேவைக் கடிதம் இருக்காது. மாமி துணிக்கடை ஒன்றின் பற்றுச்சீட்டுகள், தைத்த உடுப்புகளின் படங்கள், வாடிக்கையாளர் இருவரின் கடிதம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றைச் சேர்த்தார். அளவு எழுதிய பழைய கொப்பிகளை முதலில் குப்பை என்று ஒதுக்கியிருந்தார். பதினாறு கொப்பிகள், மதிப்பீட்டாளர் ஆகக் கூடுதலான நேரம் புரட்டிப் பார்த்தது அவற்றைத்தான்.

10. மறுத்தால் எங்கே போவது

முதலில் நிலையப் பொறுப்பதிகாரி, அடுத்து அந்த நிறுவனத்தின் மாவட்ட அலுவலகம், அடுத்து மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு என்ற ஒழுங்கில், எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதிலும் கேட்கலாம். மதிப்பீட்டில் எதனால் தவறினீர்கள் என்று சொல்ல மறுத்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பியுங்கள்; 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். எங்களுக்கு ‘பாதுகாப்பு அலகு, வாய்மொழி வினா’ என்ற விபரம் அப்படித்தான் எழுத்தில் கிடைத்தது, மறுமதிப்பீட்டுக் கடிதத்தை அதை வைத்தே எழுதினோம்.

அனுமதியிலேயே பாரபட்சம் காட்டினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கின்றன. சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போய்விடுங்கள். உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மனுவுக்கான கால எல்லை அந்த ஒரு மாதமே. அதற்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் அந்தக் கணக்கில் சேராது. எந்த அலுவலகத்துக்குப் போவது என்றே தெரியாவிட்டால் 1919 என்ற அரச தகவல் நிலைய இலக்கத்துக்குத் தமிழிலேயே அழைத்துக் கேட்கலாம்.

11. சான்றிதழ் வந்த பின்னர்

மதிப்பீடு முடிந்து சான்றிதழ் கைக்கு வர மாதங்கள் செல்லலாம். இடையில் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தால், மதிப்பீட்டை முடித்துள்ளார் என்று நிலையத்திடமிருந்து ஒரு கடிதம் பெற்றுக்கொள்ளுங்கள். சான்றிதழ் வந்ததும் அங்கேயே நின்று பெயர், அடையாள அட்டை இலக்கம், மட்டம் மூன்றையும் வாசித்துப் பாருங்கள். வெளியே வந்த பின்னர் கண்ட பிழையைத் திருத்த மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். சான்றிதழ் இலக்கத்தை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். பாசத்தில் லெமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு அத்தாட்சிப்படுத்த வேண்டி வந்தால் பின்பக்கத்தில் முத்திரை குத்த இடம் இருக்காது. எங்கள் அம்மா தம்பியுடையதைக் கடைக்குக் கொண்டுபோய்விட்டார். அவர் இயந்திரத்தில் வைக்கச் சொல்வதற்கு ஒரு நிமிடத்துக்கு முன்னர் நான் ஓடிப்போய்ச் சேர்ந்தேன்.